அப்புத்தளைச் சரிவில் ஒன்பது ஏக்கர்: தனியார் காப்புக்காடு சாத்தியமா?

கேள்வி சுருக்கமாக இது: "அப்புத்தளைக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் கீழே அப்பா வாங்கிப்போட்ட ஒன்பது ஏக்கர் காணி இருக்கிறது. பழைய தேயிலை. பதினைந்து வருடமாகக் கவ்வாத்துக்கூட வெட்டவில்லை. நாங்கள் கொழும்பில் இருக்கிறோம், விற்க மனமில்லை. சுற்றிவர வேலி போட்டு, மரம் நட்டு, ஒரு காவலாளியை வைத்து அதைத் தனியார் வனவிலங்குக் காப்பகம் ஆக்க முடியுமா? அரசாங்கம் அங்கீகரிக்குமா? சிறுத்தை வருமா?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். சிறுத்தையை நீங்கள் வரவழைக்க வேண்டியதில்லை. உங்கள் அப்பா காணி உறுதி எழுதுவதற்கு முன்பே அது அந்தச் சரிவில் நடமாடியிருக்கும். மலையகத்துச் சிறுத்தை பெரிய காட்டுக்குள் மட்டும் அடைந்து கிடக்கிற பிராணி அல்ல. பகலில் ஏதாவது ஒரு காட்டுத் துண்டில், அல்லது உங்களுடையதைப் போலக் கைவிடப்பட்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்த தேயிலைக்குள் படுத்திருக்கும். இருட்டியதும் ஓடைப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போகும். கண்டி நகரத்தின் தலைக்கு மேலேயே, மாநகர சபையின் நீரேந்து காடான துனுமடலாவவில் சிறுத்தை உண்டு. அஞ்சலி வாட்சன், அன்ட்ரூ கிட்டில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல வருடங்களாகக் கமராக்களைக் கட்டிவைத்து மலைநாட்டுச் சிறுத்தையைப் பின்தொடர்ந்து வருகிறார்கள். தேயிலை மலைகளும் காட்டுத் துண்டுகளும் கலந்து கிடக்கிற நிலம்தான் அதற்கு வீடு என்பதை அவர்களுடைய வேலை தெளிவாகக் காட்டுகிறது. கொழுந்து எடுக்கப் போகிற பெண்களுக்கு இது பழைய செய்தி.

அதனால்தான் சொல்கிறேன், வேலி வேண்டாம். ஒன்பது ஏக்கர் ஒரு சிறுத்தைக்கு ஒரு இரவு நடைக்குக்கூடக் காணாது. ஒரு மரைக் கூட்டத்துக்கும் காணாது. உங்கள் நிலத்துக்கு மதிப்பு வருவது, அது மேலே இருக்கிற காட்டையும் கீழே இருக்கிற பள்ளத்தையும் தொட்டுக்கொண்டிருப்பதால். முள்ளுக்கம்பியை இழுத்த அன்றே அந்த மதிப்பு போய்விடும். ஆடு மாடு உள்ளே வருகிற ஒரு பக்கம் மட்டும் உயிர்வேலி போடுங்கள், போதும்.

ஆனால் சின்ன உயிர்களுக்கு ஒன்பது ஏக்கர் ஒரு நாடு. நம்முடைய மலைகளில் புதர்த்தவளைகள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவை முட்டையை ஈரமான இலைச் சருகுக்கு அடியிலோ இலையின்மேலோ இடும். தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வெளியே வரும். அதற்குக் குளம் வேண்டாம், ஓடைகூட வேண்டாம். நிழலும் சருகும் காலை மூட்டமும் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். இந்தக் கூட்டத்தில் ஒன்று 1853-இல் விவரிக்கப்பட்டு, பிறகு யார் கண்ணிலும் படாமல் அழிந்துபோனதாக எழுதப்பட்டது. சிவனொளிபாதமலைக் காட்டில் அது மறுபடி கிடைத்ததாக 2013-இல் அறிவித்தார்கள். திரும்பக் கிடைக்காமலே போனவை இருபதுக்குக் கிட்ட. ஒரு மலை முகடு, ஒரு பள்ளம் என்று மிகச் சிறிய இடத்துக்குள் வாழ்கிற உயிர்கள் இவை. காட்டுத் துண்டு ஒன்றை வெட்டினால் ஓர் இனமே போய்விடலாம். கொம்பு ஓணான், மஞ்சள் காதுச் சின்னான், மலைநாட்டுத் தேவாங்கு எல்லாமே இந்த உயரத்துச் சொத்துகள். சிறுத்தைக்காகக் காணியைக் காப்பாற்றுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லுங்கள், கேட்க நன்றாக இருக்கும். மனதுக்குள் தவளைக்காகச் செய்யுங்கள்.

இனி சட்டம். "தனியார் வனவிலங்குக் காப்பகம்" என்று பலகை எழுதி நட்டால் யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள், ஆனால் அந்தப் பலகைக்குச் சட்டத்தில் எடையும் இல்லை. 1937-ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தேசியப் பூங்கா, இயற்கை ஒதுக்கம் போன்றவை அரச காணியில் மட்டுமே அமையும். சரணாலயம் என்ற வகைக்குள் தனியார் காணியும் வரலாம். அப்புத்தளையில் அடிசம் பங்களாவை ஒட்டி இருக்கிற தங்கமலைச் சரணாலயத்தைப் பார்த்திருப்பீர்கள், 1938-இலேயே அறிவிக்கப்பட்டது. உங்கள் ஒன்பது ஏக்கருக்காக ஒரு வர்த்தமானி வரும் என்று காத்திருக்காதீர்கள். தேவையும் இல்லை. அந்தச் சட்டம் சிறுத்தையையும் தேவாங்கையும் உங்கள் காணிக்குள்ளும் காக்கிறது. அடிபட்ட விலங்கு கிடைத்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும். எதையும் அடைத்து வளர்க்கக்கூடாது. கூண்டு கட்டினால் அது மிருகக்காட்சிசாலை, காப்புக்காடு அல்ல. இன்னொன்று, பலா நடப்போகிறீர்கள் என்றால் யோசித்து நடுங்கள். நீங்களே நட்ட பலாவானாலும் பிற்காலத்தில் வெட்ட அனுமதி எடுக்க வேண்டும். காப்புக்காட்டுக்கு அது வசதிதான், வெட்டத் தோன்றாது.

அதைவிட முக்கியம், காணி உண்மையில் யாருடையது என்பது. இதைக் கேட்டுக் கோபிக்காதீர்கள். மலைநாட்டில் நிலத்தின் கதை நேர்கோடாக இல்லை. 1840-இன் முடிக்குரிய காணிச் சட்டத்தோடு காடுகள் அரசாங்கத்தின் கைக்குப் போய், அங்கிருந்து கோப்பித் துரைமார் கைக்குப் போயின. 1869-இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்ததும் அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. 1873-இல் கியூ பூங்காவின் ஜோசப் ஹூக்கர் 5000 அடிக்கு மேலே காட்டை வெட்டவேண்டாம் என்று எழுதியிராவிட்டால் ஹோர்ட்டன் சமவெளியும் இன்று நம்பர் போட்ட ஏதோ ஒரு தேயிலை மலையாகத்தான் இருந்திருக்கும். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகின. தனி ஒருவருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வந்தது. 1992-இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, ஆனால் நிலம் குத்தகைதான், 2045 வரை. ஆக, மலையகத்தில் "தனியார் காடு" என்று நாம் கைகாட்டுகிற பெரிய துண்டுகளில் பெரும்பாலானவை அரசாங்க நிலம், கம்பனியின் பராமரிப்பு. முழு உறுதியோடு ஒருவர் கையில் இருக்கிற துண்டுகள் சிறியவை. உங்களுடையது அந்த வகை என்றால் நல்லது. சேவையரைக் கூட்டிப்போய் எல்லையை அளந்து, பழைய பிளானோடு ஒப்பிட்டு, ஓடை ஒதுக்கம் எதுவரை என்று குறித்துக்கொண்டு, பிரதேச செயலகத்திலும் ஒருமுறை விசாரித்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நான்கு வருடம் மரம் வளர்த்த பிறகுதான் அதில் பாதி பக்கத்துக் காணிக்குள் நிற்கிறது என்று கண்டுபிடித்தார். பக்கத்துக் காணிக்காரர் மரங்களை விறகாகப் பார்த்தார்.

இப்படிச் செய்தவர்கள் முன்பே இருக்கிறார்கள். உங்களுக்கு மிக அருகில், மிராகவத்தைப் பக்கம் பெலிபொல என்ற இடத்தில், 1980களில் ரணில் சேனாநாயக்க வளம் இழந்த நிலத்தில் ஒரு காட்டை எழுப்பத் தொடங்கினார். இயற்கைக் காட்டின் அடுக்குகளைப் பார்த்து, உயர்ந்த மரம், நடுத்தரம், புதர், கொடி, தரைச்செடி என்று அதே அமைப்பில் பயன் தரும் மரங்களையும் சேர்த்து நடுகிற முறை அது. "ஒப்புமைக் காடு வளர்ப்பு" என்று சொல்லலாம். இன்று பல நாடுகளில் அந்த முறையைப் பின்பற்றுகிறார்கள். அதன் ஊர் நம்முடைய ஊவா மாகாணம் என்பது ஊவாக்காரர்களுக்கே தெரியாது. அக்கரப்பத்தனைப் பக்கம் ரொஹான் பெத்தியாகொட கைவிடப்பட்ட தேயிலை நிலத்தைத் திரும்பவும் மலைக்காடாக்கும் வேலையை 1990களின் இறுதியில் கையில் எடுத்தார். அதற்காக 2000-இல் ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. உங்கள் நிலமும் அதே வகை என்பதால் அந்த அனுபவம் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். கடலுக்கு அந்தப் பக்கம், ஆனைமலையில் வால்பாறையைப் பாருங்கள். அங்கேயும் தேயிலை, அங்கேயும் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள், அங்கேயும் நம்முடைய தமிழ். திவ்யா முத்தப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகியோர் தோட்டக் கம்பனிகளோடு பேசி, தேயிலைக்கு நடுவே மிஞ்சிக் கிடக்கிற மழைக்காட்டுத் துண்டுகளில் நாட்டு மரங்களை நட்டு, இருபது வருடத்துக்கு மேலாகச் சீராக்கி வருகிறார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் மலைநாட்டின் விளிம்பில், தம்புள்ளையில் இருக்கிறது. சாம் போபம் என்ற ஆங்கிலேயர் 1963-இல் ஒரு புதர்க்காட்டை வாங்கி முதலில் மரக்கன்று நட்டார், பெரிதாகப் பலிக்கவில்லை. பிறகு முட்புதரை மட்டும் வெட்டி, அதற்குள் தானாக முளைத்திருந்த நாட்டு மரக் கன்றுகளுக்கு வெளிச்சம் கொடுத்தார். காடு தானாக எழுந்தது. நம்மில் பலருக்கு இது கசக்கும். மரம் நடுவதில் படம் எடுக்கலாம், புதர் வெட்டுவதில் என்ன இருக்கிறது?

ஆகவே உங்கள் காணிக்குள் முதலில் கன்றோடு போகாதீர்கள், கத்தியோடும் போகாதீர்கள். ஒரு வருடம் நடந்து பாருங்கள். எங்கே ஊற்று கசிகிறது, எந்தப் பக்கம் மண் இறங்குகிறது, கைவிட்ட தேயிலைக்கு அடியில் பறவை போட்ட விதையில் என்னென்ன முளைத்திருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே காடு அருகில் இருந்தால் பாதி வேலையைச் சின்னானும் புறாவும் செய்துவிட்டிருக்கும். தேயிலையை வேரோடு பிடுங்க வேண்டாம். நூறு வருடமாக மேல்மண் கழுவிப்போன சரிவு அது. மிச்ச மண்ணையும் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்தான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரில் ஒரு மலைச்சரிவு லயங்களை மூடியதை நாம் மறந்துவிடக்கூடாது. வரிசைக்கு இடையிடையே சில செடிகளைத் தாழ வெட்டி இடம் எடுத்து, அந்த இடைவெளியில் கன்று வையுங்கள். மற்ற தேயிலை நிழல் கொடுக்கும். கன்று தலைக்கு மேலே போன பிறகு தேயிலை தானாக மெலியும். சவுக்கு மரங்கள் (தோட்டத்தில் நிழலுக்கு வைக்கிற கிரெவிலியா) நின்றால் அவற்றையும் அவசரப்பட்டுச் சாய்க்காதீர்கள், கன்றுகளுக்கு அவை செவிலித்தாய். சிங்கராஜா ஓரத்தில் பைனஸ் காட்டுக்குள் சில வரிசைகளை மட்டும் எடுத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் மழைக்காட்டு மரங்களை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள் பேராசிரியர்கள் நிமல், சாவித்திரி குணதிலக்கவும் அவர்களுடன் வேலை செய்தவர்களும். யூகலிப்டஸ் மட்டும் ஊற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள்.

காணியில் பத்தனை என்கிற மலைப் புல்வெளி ஒரு மூலையாவது இருந்தால், அதில் மரம் நடாதீர்கள். புல்வெளியைப் பார்த்தால் வெறும் நிலம் என்று நினைக்கிற பழக்கம் நமக்குத் துரைமாரிடமிருந்து வந்தது. அதற்கென்று பூவும் பூச்சியும் குருவியும் உண்டு. அங்கே ஒரே கவலை தீ. ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று காய்ந்து வீசும். மானாப்புல்லில் ஒரு பீடித் துண்டு போதும். மே மாத முடிவுக்குள் மேல் எல்லையில் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்குப் புல்லை வெட்டித் தரையை வெறுமையாக்கி வையுங்கள், ஒவ்வொரு வருடமும். நடுகையை ஒக்டோபர் கடைசியில், வடகீழ் மழை பிடித்த பிறகு வையுங்கள். ஹட்டன் பக்கத்து உறவினர் யாராவது மே மாதம் நடு என்று சொன்னால் கேட்காதீர்கள், அவர்களுடைய மழை வேறு.

கன்றை நகரத்தில் வாங்காமல் ஒரு தவறணை, அதாவது நாற்றுமேடை, போடுங்கள். யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிரிப்பார்கள், அவர்கள் ஊரில் தவறணை என்றால் கள் விற்கிற இடம். நம்முடைய தவறணையில் பொலித்தீன் பையும் மண்ணும்தான். பாதையோரம், காணி ஓரம் விழுந்து கிடக்கிற நாட்டு மர விதையை எடுக்கலாம். ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதியின்றி கை வைக்கக்கூடாது. கீன, காட்டுச் செண்பகம், நாவல் இனங்கள், காட்டுக் கறுவா என்று கலந்து வையுங்கள். அழகுக்காக வெளிநாட்டுப் பூமரம் வேண்டாம். நட்ட பிறகு மூன்று வருடம் களை எடுக்காவிட்டால் நாயுண்ணி எல்லாவற்றையும் மூடிவிடும். பெரும்பாலான காப்புக்காடுகள் செத்துப்போவது இந்த இரண்டாம், மூன்றாம் வருடத்தில்தான். ஆர்வம் முதல் வருடத்தோடு கொழும்புக்குத் திரும்பிவிடுகிறது.

காவலாளிக்கு வருகிறேன். நான் லயத்தில் பிறந்தவன். என் அப்பா சுருக்கு வைத்தவர். அவர் கெட்டவர் அல்ல, வேட்டைக்காரரும் அல்ல. லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு இருந்த கையளவு மரக்கறித் தோட்டத்தில் மூன்று மாதம் வளர்த்த கிழங்கைப் பன்றி ஒரு இரவில் கிளறிவிட்டுப் போகும். பழைய கிளட்ச் வயரை வளைத்துப் பன்றி வருகிற ஒற்றையடிப் பாதையில் கட்டிவிடுவார். ஒரு விடியற்காலையில் அதில் சிக்கியிருந்தது சிறுத்தைக் குட்டி. உயிர் இல்லை. அப்பா அதைப் புதைத்துவிட்டு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அதற்குப் பிறகு சுருக்கு வைக்கவில்லை, கிழங்கும் போடவில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று இப்படித்தான் கம்பியில் மாட்டியது. உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. மலைநாட்டில் சிறுத்தைகளைக் கொல்வதில் முதல் இடம் இந்தக் கம்பிக்கு. வைத்தவர்களில் பெரும்பாலானோர் சிறுத்தையை நினைத்து வைத்ததில்லை.

கொழும்பிலிருந்து ஒரு பாதுகாப்புக் கம்பனி ஆளைச் சீருடையோடு அனுப்பினால் அவருக்குச் சுருக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது. லயத்து ஆளுக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் வேலைப் பதிவிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர்களோ, ஓய்வு பெற்றவர்களோ இரண்டு பேரை மாதச் சம்பளத்துக்கு எடுங்கள், ஊழியர் சேமலாப நிதியோடு. நாட்கூலி வேண்டாம். நம் மக்கள் இருநூறு வருடமாக இந்த மலையைச் சுமந்தும் அதில் ஏழு பேர்ச்சஸ் காணிக்காக இன்னும் மனுப் போடுகிறவர்கள். அவர்கள் கண்முன்னே ஒன்பது ஏக்கரை வாங்கி "உள்ளே வராதே" என்று பலகை மாட்டினால், அந்தக் காட்டின்மேல் அவர்களுக்கு என்ன பாசம் வரும்? என் அனுபவத்தில், பலகை மாட்டிய இடங்களில் சுருக்கு குறைந்ததில்லை.

அதற்குப் பதிலாக, விறகுக்கு ஒரு வழி விடுங்கள். ஓடையிலிருந்து தள்ளி, பாதைக்குப் பக்கத்தில் அரை ஏக்கரில் சவுக்கும் கிளிரிசிடியாவும் நட்டு, வாரத்தில் இரண்டு நாள் விழுந்ததையும் கழித்ததையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற இடத்தில் கத்தி வைக்கமாட்டார்கள்; வைக்கிறவரை அவர்களே பிடிப்பார்கள். பன்றி வராமல் மரக்கறித் தோட்டத்துக்குத் தகரவேலி போட உதவினால் அது சிறுத்தைக்குச் செய்கிற உதவி. லயத்துக் குப்பைக் குழியை மூட ஒரு ஏற்பாடு செய்யுங்கள். குப்பைக்கு நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை லயத்து வாசல்வரை வரும், பிறகு ஒரு நாள் யாருக்காவது அடிபடும். அன்றைக்கு உங்கள் காப்புக்காட்டின்மேல்தான் பழி விழும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வருமானம் வரும் என்று தொடங்காதீர்கள். பாதையோரத்தில் இரண்டு ஏக்கர் தேயிலையைத் திரும்பக் கவ்வாத்து வெட்டிக் கொழுந்து கொடுத்தால் ஒருவருடைய சம்பளத்துக்குக் கிட்ட வரலாம். விருந்தினருக்கு இரண்டு அறை, சரி. காட்டுக்கு நடுவே கண்ணாடி வீடு கட்டி அதற்கு "சூழல்" என்று பெயர் வைக்கிறவர்களின் வழியில் போகாதீர்கள். கார்பன் காசு தருகிறோம் என்று வருகிறவர்களிடம், ஒன்பது ஏக்கருக்கு அளவீட்டுச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள்.

உங்களுக்குப் பிறகு யார் என்பதுதான் கடினமான கேள்வி. நியூசிலாந்தில் 1977-இலிருந்து, காணிக்காரர் விரும்பினால் "இந்தக் காடு காடாகவே இருக்கும்" என்ற கட்டுப்பாட்டை உறுதியிலேயே நிரந்தரமாகப் பதிந்துவிடலாம். யார் வாங்கினாலும் கட்டுப்பட வேண்டும். பிரேசிலில் 1990-இலிருந்து அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. நமக்குக் கையில் இருப்பது நம்பிக்கைப் பொறுப்பும் மரண சாசனமும். போபம் தன் காட்டை விட்டுச் சென்றபிறகு அது ஒரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. இன்று தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் அது இன்றும் நிற்கிறது. காணிச் சட்டம் தெரிந்த ஒரு நொத்தாரிசைப் பிடித்து, உங்கள் சகோதரர்களையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். கன்று நடுவதற்கு முன்பே. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வருடத்துக்கு ஒரு ஏக்கர் என்று காட்டைப் பிரித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை போகும்போது அளக்கிற ஆளைக் கூட்டிப்போவதற்கு முன், கீழ் லயத்துக்கு ஒரு மாலை தனியாகப் போங்கள். பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அங்கே இருக்கிற வயதான அம்மா யாரையாவது கேளுங்கள். அநேகமாகக் கையை உயர்த்தி உங்கள் காணிப் பக்கம் காட்டுவார்கள். வெயில் காலத்தில் எத்தனை நாள் வற்றுகிறது என்றும் கேட்டு, அந்த எண்ணைத் திகதியோடு எழுதி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து அதே வாசலில் நின்று அதே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும்.